பழசிலேயே பழசு செல்லூரில் இருந்தது

மாப்ள,

காலையில் செல்லூருக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றினேன். கழற்றினதும் வாடை. வயர் கருகினால் ஒரு வாடை வருமே, அதோடு நூல் பஞ்சும் சேர்ந்து கருகின வாடை. என் மூக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நின்றபடியே உள்ளே ரசத்தில் உப்பு குறைச்சல் என்று சொல்லி, சமையல்காரன் ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்ட மூக்கு இது. காலைத் தொடவில்லை. ஆனால் ஓடி வந்தான். அந்த மூக்கு நூல்கடைப் படியில் ஏறும்போதே எனக்குச் சொல்லிவிட்டது. நான்தான் நம்பாமல் உள்ளே போனேன்.

நூல்கடைப் பாய்தான் போன் செய்திருந்தார். "அண்ணே, கொஞ்சம் கடைக்கு வாங்களேன். தம்பி வெச்ச பெட்டி மவுத்தாயிருச்சுண்ணே" என்றார். மனுசன் செத்தால் அவர்கள் வீட்டில் சொல்கிற சொல்லை நீ வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டருக்குச் சொல்கிறாரே என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

மேசைக்கு அடியில் அது வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. நூல் கலர் கலராகத் தூசியாக அடைந்திருந்தது, அதுவும் தீய்ந்திருந்தது. முகப்பில் மட்டும் ஒரு சேதமும் இல்லை. நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து பழுப்பாக அப்படியே இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ முதன்முதலாக ஒரு கடையில் வேலையை முடித்துக் கொடுத்த நாள் அது. நான் பாட்டுக்குச் சட்டைப்பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்துப் பெட்டியின் நெற்றியில் வைத்துவிட்டேன். யாருடைய கடை என்ற யோசனையே எனக்கு இல்லை. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். உன் முகம் வெளுத்துப்போனது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, என் பெட்டிக்குப் பொட்டு வெச்சுப் பொண்ணு பாத்துட்டீக, இனி சீர் செனத்தியெல்லாம் யாரு செய்யிறது?" என்றார். "தாய்மாமன் நான் இருக்கேன் பாய்" என்றேன். கடையே சிரித்தது. செல்லூரே சிரித்தது. பாலம் வரைக்கும் சிரிப்பு கேட்டது என்று நான் பிறகு பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பொட்டை அவர் இத்தனை வருசம் துடைக்கவில்லை, மாப்ள.

நீ என்ன தொழில் செய்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். ஆனால் உன் தொழிலை என்னைப் போல விளக்கிச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. உலகம் பூராவும் வியாபாரிகள் வைத்திருக்கிற ஒரு பெரிய கணக்கு மென்பொருள் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. அது வீடு. அந்த வீட்டுச் சுவரில் நாம் ஆணி அடிக்க முடியாது. ஆனால் வாசலில் நம் தேவைக்கு ஒரு பந்தல் போட்டுக்கொள்ளலாம். நூல்கடைக்குக் கலர் வாரியாக இருப்பு வேண்டும், அரிசி ஆலைக்கு ஈரம் கழித்து எடை வேண்டும். அதெல்லாம் வீட்டில் கிடையாது, பந்தலில்தான் உண்டு. எக்ஸ்டென்ஷன் என்று நீ சொன்னது அந்தப் பந்தல்தான். இதை நான் முதலில் சொன்னபோது நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இத நானே இம்புட்டு நல்லா சொன்னதில்ல" என்றாய். அந்த ஒரு வரியை வைத்து நான் பத்து வருசம் ஓட்டியிருக்கிறேன்.

திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் எதிரே இருக்கிற அந்த டீக்கடையில்தான் நம்பர் விசயமும் பேசினோம்.

"மாமா, இந்த பைல்ல ஒரு வரி இருக்கு பாருங்க. ரன்டைம்னு போட்டு ஒரு நம்பர். நம்ம பந்தல் எந்தக் காலத்து வீட்டுக்குப் பொருந்தும்னு சொல்ற நம்பர். அத எதுல வைக்கிறதுன்னுதான் ரோசனையா இருக்கு."

"பெரிய நம்பராப் போடு மாப்ள. கெத்தா இருக்கும்."

"பெருசாப் போட்டா புது வெர்ஷன் வெச்சிருக்க கடையில மட்டுந்தான் ஏறும். செல்லூர்ல வாசல்லயே நிப்பாட்டிரும்."

"அப்பச் சின்னதாப் போடு. இதுக்கு எதுக்கு மண்டையச் சொறியிற?"

"சின்னதாப் போட்டா எல்லாக் கடையிலயும் ஏறும் மாமா. ஆனா புதுசா வந்த வசதி ஒண்ணையும் நான் தொட முடியாது. நாலு வரியில முடியிற வேலைக்கு நாப்பது வரி எழுதணும்."

"எழுது. ஒனக்கென்னப்பா, ஏசி ரூமு."

"பேனு மாமா. அதுவும் நெனச்சாத்தான் சுத்தும்."

கடைசியில் நீ ஐந்து என்று வைத்தாய். செல்லூர்ப் பெட்டியால் அதற்கு மேல் தாங்க முடியாது. புது வெர்ஷனைப் போட்டால் அந்தப் பெட்டி மூச்சு வாங்கிப் படுத்துவிடும். பாயிடம் புதுப் பெட்டி வாங்கச் சொல்லலாமே என்றேன். "ஓடுறத எதுக்கு மாமா நிப்பாட்டச் சொல்லணும்? கடைசி ஆளும் ஏறட்டும், அப்பறம் வண்டிய எடுப்போம்" என்றாய். அந்த ஒரு கடைக்காக மற்றக் கடைகளுக்கெல்லாம் நாற்பது நாற்பது வரியாக எழுதினாய். நான் வெளியே போய், "எங்க மாப்ள செஞ்சது உலகத்துல எந்தப் பெட்டியிலயும் ஓடும், அமெரிக்காக்காரனே கேட்டு வாங்குறான்" என்று சொன்னேன். அமெரிக்காக்காரன் கேட்கவில்லை. ஆனால் கொட்டாம்பட்டி அரிசி ஆலைக்காரர் கேட்டார்.

புது வேலை தொடங்கும் முன்பு ஒவ்வொரு தடவையும் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாய். "பழசுலயே பழசு எது மாமா?" நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கடை கடையாக உட்கார்ந்து, டீ குடித்து, அவர்கள் கம்ப்யூட்டரில் ஓரத்தில் வருகிற வெர்ஷன் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். உனக்கு என் பேச்சு தெரியும். பத்து கவுண்டர் உள்ள ஜவுளிக்கடை பிடித்துவிட்டேன் என்பேன். நீ பேசாமல் இரண்டு என்று எழுதிக்கொள்வாய். "மாமா சொல்றதுல பாதிய எடுத்து, அதுலயும் பாதிய எடுக்கணும்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லுவாய். ஆனால் வெர்ஷன் நம்பரை நான் வந்து சொன்னால், அதை நீ பாதியாக்கினதே இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டுச் சரிபார்த்ததும் இல்லை. நான் ஐந்து என்றால் விரல் நேரே போய் ஐந்தைத் தட்டும். என் பேச்சை அப்படி எடுத்துக்கொண்ட மனுசன் என் வாழ்க்கையில் வேறு ஒருத்தனும் கிடையாது. உன் அத்தைகூட, நான் மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். அதனால்தானோ என்னமோ, அந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒரு தடவைகூடக் கூட்டிச் சொன்னதில்லை.

ஆடி மாசக் கதையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வருகிறது என்று எழுதுகிறேனே தவிர, வந்து நாளாயிற்று. அந்தக் கம்பெனி உதவி மையத்திலிருந்து ஒரு பையன் பேசினான். எல்லாரும் புது வெர்ஷனுக்கு மாற வேண்டிய கெடு நெருங்குகிறது, உங்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்டான். நீ இங்கிலீஷில், ஆடி நடக்கிறது என்றாய். ஆடி என்பது எந்தக் கம்பெனி மென்பொருள், அதற்கும் எங்களதுக்கும் என்ன மோதல் என்று அவன் கேட்டான். நான் போனைப் பிடுங்கினேன். "தம்பி, ஆடியில நாங்க புதுசு எதுவும் தொடங்க மாட்டோம். பொண்ணு பாக்க மாட்டோம், பால் காய்ச்ச மாட்டோம், ஒங்க வெர்ஷனும் ஏத்த மாட்டோம். ஆவணி பொறக்கட்டும், மொத ஆளா நானே வாரேன்" என்றேன். அவன் பாவம், கோயம்புத்தூர்ப் பையனாம். "எங்கம்மாவும் அதான் சார் சொல்லுவாங்க" என்று சொல்லி நாள் வாங்கிக் கொடுத்தான். உலகக் கம்பெனியை ஆடி முடியும் வரை நிறுத்தி வைத்தவன் என்று அன்றையிலிருந்து என்னை நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் மறுக்கவில்லை. "மாமா இருக்கப்ப எனக்கென்ன கவலை" என்றாய்.

மாமா இருந்தேன். உனக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வி கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. எதையும் ஜோடித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு அந்தக் கதையை மட்டும் ஜோடிக்க வரவில்லை. எங்கே தொடங்கினாலும் அந்தத் தூக்குவாளி வந்து நிற்கிறது. அக்கா மகன் என்று தோளில் தூக்கினேன், என் மகள் செல்வியைக் கொடுத்து மாப்பிள்ளை ஆக்கினேன். உனக்கு நான் செய்யாத முறை இல்லை. நீ எனக்குச் செய்ய வேண்டிய முறை ஒன்று பாக்கி இருந்தது, கடைசி முறை. அதையும் நானே உனக்குச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

இப்போது உன் மேசையில் செல்வி உட்காருகிறாள். கல்லூரியில் படித்ததும், உன் வேலையைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கற்றுக்கொண்டதும் சேர்ந்து, எப்படியோ கடைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கடைகள்தான் அவளுக்குச் சோறு. இந்த வருசம் கம்பெனிக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். ஆவணியில் வருகிற அடுத்த பெரிய வெர்ஷனில் பழைய கதவுகளை எல்லாம் அடைத்துவிடுவானாம். நீ பந்தலைக் கட்டின கயிறெல்லாம் அந்தக் கதவுகளில்தான் இருக்கிறது. புதுக் கதவில் மாற்றிக் கட்ட வேண்டுமென்றால் நம்பரை ஐந்திலிருந்து ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் செல்லூர்ப் பெட்டிக்கு இனி நாம் ஒன்றும் அனுப்ப முடியாது. பழசுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள அவள் ஒருத்தியால் முடியாது. ஏற்றாவிட்டால் ஆவணியில் மற்ற எல்லாக் கடையிலும் பந்தல் சரியும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்பான். நாங்கள் இரண்டு பேரும் மாசக்கணக்காக யோசித்தோம். "செல்லூரு இன்னும் ஓடுதாப்பா?" என்று அவள் கேட்பாள். "ஓடுதும்மா" என்பேன். "அப்ப இருக்கட்டும், பாப்போம்" என்பாள். அந்த வரியில் கை வைக்காமல் இருப்பதற்கு அந்தப் பெட்டிதான் எங்களுக்குச் சாக்கு. அது ஓடுகிற வரைக்கும் நீ எழுதின ஐந்து அங்கே இருக்கும்.

இன்று பாய் சொன்னார்: "மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போயிட்டாப்ல. இதுக்குச் சாமானே இப்ப வாரதில்லையாம். புதுப் பெட்டிக்குச் சொல்லிட்டேண்ணே. எனக்கென்ன ஆடியா ஆவணியா. நாளைக்கே வந்துரும்." பிறகு குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். "எத்தன பேரு சொன்னாக, மாத்து மாத்துன்னு. தம்பி இருக்கப்பவும் மாத்தல. தம்பி போனப்பறம் எப்படிண்ணே மாத்துவேன்?" என்றார். எனக்கு டீ சொன்னார். ஆறிப்போனது. பழைய பெட்டியை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பேன்? செல்வி கண்ணில் பட்டால் என்ன சொல்வேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைகிறேன். அவள் உன் மேசையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "செல்லூரு என்னாச்சுப்பா?" என்றாள்.

"ஜம்முனு ஓடுதும்மா. நீ பெத்த பிள்ள மாதிரி ஓடுது" என்றேன்.

பெத்த பிள்ளை. பிள்ளையில்லாத வீட்டில் நின்று எந்த வார்த்தையைச் சொன்னேன் பார். வாயில் வந்துவிட்டது. உன் கேள்விக்கு நான் சொன்ன முதல் பொய் அது, மாப்ள. சொல்லிவிட்டு மாடிக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நூறு பொய் சொல்லி நூறு கடை பிடித்தவன். அதையும் பாதியாக்கிப் பாதியாக்கிக்கொள். இந்த ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு என்னால் இறங்க முடியவில்லை. சொன்னால் நீ எழுதினது போகும். சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு போகும்.

அவள் கூப்பிடுகிறாள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

சாயங்காலமாகிவிட்டது. எழுதுகிறேன்.

கீழே போனேன். காபி கலந்து வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டாள், "அப்பா, பழசுலயே பழசு எதுப்பா?"

அவள் இதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லை. செல்லூர் ஓடுதா என்றுதான் கேட்பாள். உன் கேள்வியை, நீ கேட்கிற மாதிரியே கேட்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கொட்டாம்பட்டி மில்லும்மா" என்றேன்.

"அப்ப செல்லூரு?"

"போயிருச்சும்மா. காலையில. பூராவும் கருகிப்போச்சு."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "பாய் எனக்கும் போன் பண்ணாருப்பா. புதுப் பெட்டியில என்னைக்கு வந்து ஏத்திக் குடுப்பேன்னு கேட்டாரு" என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னக் கேட்ட?"

"காலையில தெரியாது. நீங்க மாடிக்குப் போனப்பறந்தான் பேசுனாரு. நானும் ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீங்க ஓடுதுன்னே சொல்லிட்டு இருந்தா, நானும் ஓடுதுன்னே வெச்சுக்கலாம்ல?" என்றாள். பிறகு, "எம்புட்டு நாளைக்குப்பா?" என்றாள்.

காபியை எடுத்துக் குடித்து முடித்தேன்.

உன் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த பைலைத் திறந்தாள். அந்த வரி இருந்தது. ஐந்து. அதன் பக்கத்தில் கோடு மினுக் மினுக்கென்று நின்றது. அவள் விரலை வைத்துக்கொண்டு, "கொட்டாம்பட்டியில என்னப்பா?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு வரைக்கும் தாங்கும்" என்றேன்.

போன் போட்டுச் சரிபார்க்கவில்லை. உன்னைப் போலவே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதற்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தை அழித்தாள். அந்த இடம் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. அப்புறம் பன்னிரண்டு என்று தட்டினாள். தட்டிவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தப்பு இருந்தால் சிவப்பாக அடிக்கோடு விழும் என்று நீ காட்டியிருக்கிறாய். ஒரு சின்ன நம்பரை மாற்றினதுக்கே பத்து இடத்தில் சிவப்பாக வந்து நீ தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்திலாவது வரும், இந்த ஆளை எடுத்தால் இங்கே நிற்காது என்று அது சொல்லும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை, மாப்ள. ஒரு கோடுகூட வரவில்லை.

"தப்பு ஒண்ணுமில்லப்பா" என்றாள். கீழே கீழே உருட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நீ எழுதின நாற்பது நாற்பது வரி. "பழைய கதவ மாத்திக் கட்டுறப்ப இதையெல்லாம் எடுத்துட்டு நாலு வரி போட்டாப் போதும்ப்பா இனி" என்றாள். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகில் கை வைக்கலாமா என்று நின்றேன். தெரியவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

ஆவணியில் நான் கடை கடையாகப் போக வேண்டும். உன் அத்தை சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள், வாடை போகவில்லை. கடைக்காரர்கள் கேட்பார்கள், "எந்த வெர்ஷன்லருந்து ஓடும்ணே?" என்று. பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும். இப்போது மொட்டைமாடியில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து என்றுதான் வருகிறது.